குடைக்கம்பிக் கைகாட்டி

குப்பையில் கிடந்ததைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். அவரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

முதல் தடவை அவர் என் வாசலுக்கு வந்தபோது கையில் ஒரு பால்மாப் பெட்டி. வெறும் அட்டை. காலையில் நான் குப்பைக் குழியில் போட்டது. ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இஸ்தோப்புத் திண்ணையில் ஏறாமல் படிக்குக் கீழேயே நின்றார்.

“கங்காணியம்மா, இது உங்க வீட்டுப் பெட்டிங்களா?”

“ஆமா.”

“எடுத்துக்கலாங்களா?”

“குப்பையில கெடந்தத எடுக்கறதுக்கா இம்புட்டு மேடு ஏறி வந்தீங்க? நாய் கூட கேக்காதே!”

“நாய்க்கு யாருங்க சொல்லிக் குடுத்தா,” என்றார். சிரிக்கவில்லை. நான் தலையை ஆட்டும் வரைக்கும் அப்படியே நின்றார். ஆட்டினதும் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் ரயில் ஸ்டேசனில் கைகாட்டி சிக்னல் இழுத்தவர். முப்பது வருஷம் அந்த ஒரே வேலை. பென்சன் ஆனதும் ரயில்வே குவாட்டர்ஸை விட்டுவிட்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தார். அவர் சம்சாரம் எங்கள் தோட்டத்துப் பெண். அந்த அம்மா செத்த பிறகும் கீழ் லயத்து வரிசை வீடுகளில் அவள் பேரில் இருந்த காம்பரா இவருக்கு இருந்தது. ஒரே மகள், வவுனியாவில் கட்டிக்கொடுத்திருந்தார். ரயிலுக்கு எங்கள் பக்கம் கோச்சி என்று பேர், லயத்து ஆட்கள் அவரைக் கோச்சிக்காரர் என்றார்கள். வயதில் சின்னவர்கள் மாமா என்றார்கள், ஒத்த வயதுப் பெண்கள் அண்ணே என்றார்கள். நான் மட்டும் எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. அண்ணன் என்று கூப்பிட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. எனக்கு வாய் வரவில்லை. “இந்தாங்க”, “உங்களத்தான்” என்றே அவர் இங்கிருந்த ஆறு வருஷமும் ஓட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து அப்போது வெகு காலம். வேலையிலிருந்து நானும் நின்றுவிட்டேன். கடைசி ஏழு வருஷம் பெண்களின் கொழுந்து மலைக்கு நான்தான் கங்காணி. பொம்பளைக் கங்காணியா என்று முதல் நாள் காலைப் பெரட்டில் ஆள் பிரிக்கும்போது சிரித்த ஆம்பளைகள் இரண்டாம் மாதம் வாயை மூடினார்கள். என் ஆட்கள் நிரை பிடித்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். வீட்டிலும் அப்படித்தான். என் அலமாரியில் கோப்பைகள் எல்லாம் காதை ஒரே பக்கம் திருப்பித்தான் இருக்கும். எதுவும் கோணலாக நின்றால், தொங்கினால், எனக்குப் பொறுக்காது. இந்தப் பெருமையை இப்போது சொல்வதற்கும் காரணம் இருக்கிறது.

அந்தப் பால்மாப் பெட்டி என்ன ஆனது என்று பார்க்கத்தான் ஒரு நாள் கீழ் லயத்துக்குப் போனேன். பக்கத்துக் காம்பரா மாரியாயியையும் இழுத்துக்கொண்டு போனேன். தனியாகப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

முன் காம்பராவில் இரண்டு தேயிலைப் பெட்டி மேல் ஒரு பழைய கதவுப் பலகை. அதன் மேல் ஒரு ஸ்டேசன். உள்ளங்கை அகலத்தில் டிக்கட் கவுன்டர். நெருப்புக்குச்சியில் வேலி. மீன் டின்னை வெட்டித் தண்ணீர்த் தொட்டி. பிறகொரு நாள் வந்து கேட்டு வாங்கிப்போன என் பிரசர் மாத்திரை அட்டைதான் கைகாட்டி அறைக்குக் கண்ணாடி ஜன்னல். தகரக் கூரை நிஜமான தகரம் போலவே வரி வரியாக இருந்தது. எப்படி என்று கேட்டேன். பால்மாப் பைக்கட்டின் வெள்ளித் தாளை ஒரு சீப்பின் மேல் வைத்து, ஒவ்வொரு பல் இடுக்கிலும் விரல் நகத்தால் அழுத்திக் காட்டினார். வரி விழுந்துவிட்டது. என் வீட்டுப் பெட்டி கூட்ஸ் கொட்டகையாக நின்றது. சுவரில் மழை ஒழுகிய கறைகூட இருந்தது. அது தேத்தண்ணிக் கறை.

மாரியாயி எல்லாவற்றையும் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, “எல்லாஞ் சரிண்ணே, கோச்சி எங்க?” என்றாள்.

“வரும்,” என்றார்.

“செய்யலியா?”

“நா வண்டியில போனவன் இல்லங்க. வண்டிக்கு வழி விட்டவன். எடம் சரியா இருந்தா வண்டி தன்னால வரும்.”

ஸ்டேசனுக்குப் பின்னால் குடித்துப் போட்ட தேயிலைச் சக்கையைக் காயவைத்து, பச்சைச் சாயம் ஏற்றி, தேயிலை மலை என்று ஒட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஆகவில்லை.

“இது யாரு மலை? கவ்வாத்து வெட்டி பத்து வருசம் ஆனாப்புல கெடக்கு. நிரை எங்க? ஆள் எங்குட்டு நின்னு கொழுந்து எடுக்கும்?”

“நீங்க சொல்லுங்களேன்,” என்றார்.

நான் ஒரு பத்திக்குச்சியை எடுத்து நிரை போட்டுக் காட்டினேன். தண்ணீர் ஓடும் கான் எங்கே விழ வேண்டும், ஏற்றத்தில் செடி எப்படி நிற்கும் என்று காட்டினேன். மறு வாரம் போனபோது மலை முழுவதையும் பிய்த்துவிட்டு நான் சொன்னபடி திரும்ப ஒட்டியிருந்தார். “இப்ப எறங்கி வேலை செய்யலாங்களா?” என்று கேட்டார். செய்யலாம் என்றேன்.

அதிலிருந்து என் வீட்டுக் குப்பை எல்லாம் அவருக்குத்தான். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் வந்து கேட்பார். நான் ஒரு பை வைத்துச் சேர்க்க ஆரம்பித்தேன். காலையில் ஒரு பத்தி கொளுத்துகிறவள், காலையும் மாலையும் இரண்டிரண்டு கொளுத்தினேன். குச்சி மிஞ்ச வேண்டுமே.

“என்னாக்கா, சாமிக்கு மூச்சு முட்டப் போவுது,” என்றாள் மாரியாயி. “பக்தியா, இல்ல ஸ்டேசனுக்குக் கம்பமா?”

“வாயக் கழுவுடி,” என்றேன். கோபம் வந்தது. பத்தியைக் குறைக்கவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். உடனே கை நீட்டினால் பறக்காவெட்டி என்று பேர் வரும். இரண்டாம் தரமும் வேண்டாம். மூன்றாம் தரம் கேட்கும்போது, “நீங்க இம்புட்டுச் சொல்றதால” என்று வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுக்கிறவருக்கும் அது தெரியும், அதனால் விடாமல் கேட்பார். தேத்தண்ணிக்கும் இப்படித்தான், கல்யாணப் பேச்சுக்கும் இப்படித்தான். என் அம்மா என்னை அடித்து வளர்த்தது இதற்குத்தான்.

அவருக்கு இந்த வழக்கம் பிடிபடவே இல்லை. மகள் வவுனியாவிலிருந்து கொடுத்தனுப்பிய கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை ஒரு பை நிறைய ஒரு தடவை கொண்டுவந்தார்.

“எடுத்துக்கங்க கங்காணியம்மா.”

“எனக்கு எதுக்கு. வேணாங்க.”

“சரிங்க,” என்றார். பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய் மாரியாயியிடம் கொடுத்துவிட்டார். அவள் முதல் கேள்விக்கே வாங்கிக்கொண்டாள். அன்று மத்தியானம் முழுக்க என் கண்ணெதிரே இஸ்தோப்பில் உட்கார்ந்து, முழங்கை வரை சாறு வழிய, கொட்டையைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டாள்.

“வேணாம்னுட்டீங்களாமே அக்கா. தேனு மாதிரி இருக்கு. சக்கரை கிக்கரை இருக்கா ஒங்களுக்கு?”

அடுத்த நாள் அவர் வந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. “ஒரு தரம் வேணான்னா அப்புடியே திரும்பிருவீங்களா? இன்னொரு வாட்டி கேக்கறதுக்கு என்னா?”

அவர் கையை நேராக நீட்டிக் காட்டினார். “கைகாட்டியில கை இப்புடி நேரா நின்னா வண்டி நிக்கணும். இப்புடி எறங்குனா வரலாம். அம்புட்டுதாங்க. ஏன் நிப்பாட்டுனேன்னு டிரைவர் எறங்கி வந்து கேக்கக் கூடாது, கொஞ்சம் விடுங்கன்னு கெஞ்சக் கூடாது. கெஞ்சுனா ஆள் சாகும்.”

“அப்ப கோச்சி திரும்பிப் போயிருமாக்கும்?”

“திரும்பாதுங்க. நிக்கும். கை எறங்குற வரைக்கும் அங்கேயே நிக்கும்.”

“மாம்பழம் நிக்கலியே?”

“அது அழுகிருங்களே,” என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரிப்பில் அவர் சொன்னதைக் காதோடு விட்டுவிட்டேன்.

குடை விஷயத்திலாவது புரிந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரரின் கறுப்புக் குடை ஒன்று ஆணியில் தொங்கும். துணி கிழிந்து பல வருஷம். ஒரு நாள் அதைப் பார்த்து, “தண்டவாளத்துக்குக் கம்பி வேணுங்க. அந்தக் குடையத் தருவீங்களா?” என்று கேட்டார்.

“அது அவரு குடை,” என்றேன். இது வழக்கத்துக்குச் சொன்ன வேண்டாம் இல்லை. நிஜமாகவே சொன்னது. அவர் அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. ஆணிப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு மழைக்காலத்தில் குடையை எடுத்துத் தூசு தட்டினேன். தொங்குவதற்குத்தானா இது என்று தோன்றியது. எடுத்துக்கொண்டு கீழ் லயத்துக்குப் போனேன், அன்றைக்கு மாரியாயி இல்லாமல். பலகையில் எல்லாம் முடிந்திருந்தது. தண்டவாளம் வருகிற இடம் மட்டும் வெறும் பலகையாக, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை காலியாகக் கிடந்தது. சிலிப்பர் கட்டைக்கு என் பத்திக்குச்சிகளை வெட்டி அடுக்கி வைத்திருந்தார்.

“வேற கொடையே கெடைக்கலியா?”

“நாலஞ்சு பேரு குடுத்தாங்க. வாங்கல.”

“ஏன்?”

“ஒங்கள்ட்ட கேட்டாச்சே,” என்றார்.

குடையை இரண்டு கையாலும் வாங்கி, அதைப் பிரிக்காமல் அன்று முழுக்க மடியில் வைத்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் அவர் மகள் வந்தாள். அப்பாவுக்கு வயதாகிறது, மலையில் தனியாக விட முடியாது, வவுனியாவுக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். நல்ல பெண். சொல்வதை ஒரு தரம் சொல்வாள், அப்பனைப் போல. நாலு நாள் இருந்துவிட்டு, மாதக் கடைசியில் வந்து சேருங்கள் என்று சொல்லிப் போனாள்.

அவள் போன அன்று அவர் மேலே வந்தார். கையில் எதுவும் இல்லை. வெறுங்கையோடு அவர் வந்து நான் பார்த்ததில்லை. முதல் தடவையாக இஸ்தோப்பில் ஏறி உட்கார்ந்தார்.

“மக வரச் சொல்லுது.”

“கேள்விப்பட்டேன்.”

“ஒங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு வந்தேன்.” என் பக்கம் திரும்பினார். “நா இங்கேயே இருந்துறட்டுங்களா?”

எனக்குப் புரிந்தது. புரியாமல் இருக்க நான் என்ன பச்சைப் பிள்ளையா? வாய் மட்டும் அம்மா வளர்த்த வாய்.

“பெத்த புள்ள கூப்புடுது. என்னைய எதுக்குக் கேக்கறீங்க? போங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். இஞ்சி தட்டிப் போட்டேன். அவர் இன்னொரு தரம் கேட்பதற்கு நேரம் கொடுத்து மெதுவாகத்தான் ஊற்றினேன். இரண்டாம் தரம் கேட்டால் பேசாமல் இருப்பது, மூன்றாம் தரம் கேட்டால் “ஒங்க இஷ்டம், நா என்னா சொல்றது” என்பது. அவ்வளவுதான், எல்லாம் முடிவாகிவிடும்.

அவர் தேத்தண்ணியைக் குடித்தார். கோப்பையைக் கழுவி அலமாரியில் வைத்தார், காதை மற்றக் கோப்பைகளின் பக்கமே திருப்பி. போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஒரு கைகாட்டியோடு வந்தார். முழ உயரம். கம்பம் குடைக்கம்பி, ஏணி என் பத்திக்குச்சி. கை என் உடைந்த வாளியின் சிவப்புத் துண்டு, அதில் வெள்ளைப் பட்டைக்கு வெற்றிலைச் சுண்ணாம்பு.

“ஒங்க வீட்டுச் சாமான்ல மிஞ்சுனது. ஒங்களுக்குத்தான் சேரும். சன்னல்ல வைங்க. கீழ ரோட்டுல இருந்து பாத்தாலே தெரியும்.” விரலால் கையைத் தொட்டு இறக்கிக் காட்டினார், மறுபடி நேராக நிறுத்தினார். “வச்ச எடத்துல நிக்கும். நா மாசக் கடைசி வரைக்கும் இருக்கேன்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்வார்? நான் அதை அழகுச் சாமான் என்று நினைத்து ஜன்னலில் வைத்தேன். அவர் வாயால் இன்னொரு தரம் கேட்கத்தான் காத்திருந்தேன்.

தினமும் காலையில் பாண் ரொட்டி வாங்கக் கடைக்குப் போவார். என் ஜன்னலுக்குக் கீழே ரோட்டில் நின்று ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். தான் செய்த வேலையைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இரண்டு வாரம் இப்படிப் போனது.

ஒரு நாள் காலை. கொழுந்து லாரி போன அதிர்வோ, காற்றோ, பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தால் கை தொங்கிக் கிடந்தது. ஐயோ, பசை விட்டுவிட்டதே, போகிற மனுஷன் பார்த்தால் என்ன நினைப்பார் என்று பதறிப்போய்க் குடத்தை இறக்கிவைத்தேன். கறுப்பு நூல் எடுத்தேன். ஜன்னலில் நின்று கையை நேராக நிமிர்த்தி, இனி ஒருக்காலும் விழாதபடி கம்பத்தோடு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

கட்டிவிட்டு நிமிர்ந்தால், படியில் அவர். பாதிப் படி ஏறிவிட்டார். சலவைச் சட்டை. தலையில் எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார். வேகமாக ஏறியிருப்பார் போல, மூச்சு வாங்கியது. என் கையையும் நூலையும் பார்த்தார்.

“வாங்க,” என்றேன்.

“இல்லங்க. இருக்கட்டும்,” என்றார். இரண்டு எட்டுப் பின்னால் வைத்து, திரும்பி, மெதுவாக இறங்கிப் போனார். பாண் வாங்கக் காசை மறந்துவிட்டு வந்திருப்பார் என்று நினைத்தேன்.

மாதக் கடைசியில் காலைக் கோச்சியில் போனார். ஸ்டேசனைப் பலகையோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார், அதுவும் என்னிடம் கேட்டுவிட்டு. லயத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடம், “வர்றேங்க கங்காணியம்மா” என்றார். நான் தலையை ஆட்டினேன்.

ஒரு வாரம் கழித்து மாத்திரை எடுக்கத் தலவாக்கலை டவுனுக்குப் போனேன். பஸ் தண்டவாளத்தை ஒட்டின ரோட்டில் நெரிசலில் நின்றது. அந்தப் பக்கம் ஸ்டேசனுக்கு வெளியே ஒரு கோச்சியும் நின்றது. கூவிக் கூவிப் பார்த்தது, நகரவில்லை.

பக்கத்து சீட்டுப் பெண் மடியிலிருந்த பிள்ளைக்குக் கை நீட்டிக் காட்டினாள். “அந்தா பாரு, கை நேரா நிக்குது. எறங்குற வரைக்கும் கோச்சி பாவம், நிக்கணும்.”

நான் அந்தச் சிவப்புக் கையைப் பார்த்தேன். வெள்ளைப் பட்டையைப் பார்த்தேன். சலவைச் சட்டை, எண்ணெய் வைத்த தலை, பாதிப் படி, என் கையில் கறுப்பு நூல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கை இறங்கியது. கோச்சி போய்விட்டது. பஸ்ஸும் கிளம்பிவிட்டது. அன்று மாத்திரை எடுக்காமலே திரும்பி வந்தேன்.

வந்ததும் நூலை அறுத்தேன். என் முடிச்சு, லேசில் அவிழவில்லை. பாக்கு வெட்டுகிற கத்தியால் அறுத்தேன். கையை இறக்கி வைத்தேன். கீழே ரோட்டில் யார் யாரோ போனார்கள்.

அவருக்குச் சொல்லி அனுப்ப என் ரோசம் விடவில்லை. ஒரு வருஷம் அப்படிப் போனது. அடுத்த தீபாவளிக்கு மாரியாயிதான், “கோச்சிக்கார அண்ணனுக்கு ஒரு கோல் எடுப்பமா?” என்று போனில் நம்பரைத் தட்டி என் காதில் வைத்தாள். மகள் எடுத்தாள். “அப்பா படுத்திருக்காரும்மா. முந்தி மாதிரி இல்ல, காதும் கேக்கறதில்ல. ஏதாச்சும் சொல்லணுங்களா?”

“ஒண்ணுமில்ல தாயி. சும்மாதான் எடுத்தேன்.”

“சரிம்மா,” என்றாள். வைத்துவிட்டாள். அப்பன் பிள்ளை.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மாரியாயி என் முகத்தைப் பார்த்தாள். அவள் வாயில் அன்றைக்குக் கேலி இல்லை. “திருப்பி எடுக்கட்டுமாக்கா?”

“எடு,” என்றேன். என் ஆயுசில் முதல் கேள்விக்கே சரி சொன்னது அன்றைக்குத்தான்.

லைன் கிடைக்கவில்லை. யாரோ ஒருத்தி சிங்களத்தில் சொன்னாள், தமிழில் சொன்னாள், இங்கிலீஷில் சொன்னாள். மறுநாளும் அவளேதான் வந்தாள். அதற்கு அடுத்த வாரம் மாரியாயியின் போன் தண்ணீரில் விழுந்தது, நம்பரும் அதோடு போனது. இப்போது அவர் இருக்கிறாரா, இல்லையா என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

கைகாட்டி ஜன்னலில்தான் இருக்கிறது. சுண்ணாம்புப் பட்டை உதிர்ந்தால் புதிதாகப் பூசுவேன். ஜன்னல் வழியே காற்று அடித்தால் சில நாள் கை மேலே ஏறி நேராக நின்றுவிடும். விடிந்ததும் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் அதைத்தான் பார்க்கிறேன். ஏறியிருந்தால், விரலால் தொட்டு இறக்கிவிடுகிறேன்.